செருப்போடு குளிக்கிற வீடு

1

இந்த வீட்டில் நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் குளிக்கிறோம். வெளியே போட்டுப் போகிற செருப்பு வேறு, குளியலறைச் செருப்பு வேறு. நீலப் பட்டி வைத்தது என்னுடையது, சிவப்புப் பட்டி மகள் அனோஜாவுடையது. ஊரிலிருந்து யாராவது வந்து தங்கினால் கொடுப்பதற்கென்று இன்னொரு சோடி கதவுக்குப் பின்னால் இருக்கிறது. போன தை மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் சித்தியின் மகள் அதைப் பார்த்துவிட்டு, சென்னையில் இதுவும் ஒரு நாகரிகமோ என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் குளிக்காமலே ஊர் திரும்பியிருப்பாள்.

எங்கள் குளியலறைக் குழாயில் மின்சாரம் வருகிறது. முதலில் விரல் நுனியில் ஒரு கூச்சம், எறும்பு ஊர்வதைப் போல. ஈரக் கையால் இறுக்கிப் பிடித்தால் முழங்கை வரை ஏறும். சில நாட்களில் ஒன்றுமே இருக்காது, நாங்களும் மறந்துவிடுவோம். மறந்த நாளில்தான் கடிக்கும். கீழ்வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் மேலே எங்கள் குழாய் கடிக்கும் என்று அனோஜா கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். குளிக்கப் போகுமுன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் நின்று, கீழே ஃபிரிட்ஜ் உறுமுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய பழக்கமா இது?

சென்னையைப் பற்றி எழுது, எழுது என்று ஊரில் கேட்கிறீர்கள். தி.நகர் சேலைக் கடைகளைப் பற்றியும் கடற்கரை மிளகாய் பஜ்ஜியைப் பற்றியும் போதுமான பேர் எழுதிவிட்டார்கள். நான் என் வீட்டு வயரைப் பற்றி எழுதுகிறேன். இன்று காலை வீட்டுக்காரர் மொட்டை மாடியில் கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை மறுபடியும் ஏற்றிவிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

2

நாங்கள் இங்கே வந்தது கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவதற்காக. என் கணவர் கனடாவில் இருக்கிறார். எங்களை அங்கே எடுப்பதற்கான விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. அது முடியும்வரை சென்னையில் நில்லுங்கள், அலுவல்கள் சுலபம் என்றார்கள். வந்தபோது அனோஜா பாலர் வகுப்பில் இருந்தாள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவர் தொலைபேசியில் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்: "அடுத்த கிறிஸ்மஸ் மூண்டு பேரும் இஞ்சதான்." முதலில் அனோஜா கை தட்டினாள். பிறகு சிரித்தாள். இப்போது அந்த வசனம் வரும் நேரம் பார்த்து எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள்.

எனக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரில் பள்ளிக்கூட அலுவலகத்தில் எல்லாருடைய கடிதங்களையும் அடித்துக் கொடுத்தவள் நான். இங்கே மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் பிறகு சமைப்பதும் காத்திருப்பதும்தான். ஆண்டுக்கொரு முறை பதிவு அலுவலகத்துக்குப் போய் நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். இவர்கள் என் வீட்டில் குடியிருக்கிறார்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்த ஒரு கையெழுத்துக்குப் பயந்துதான் முக்கால்வாசிப் பேர் எங்களுக்கு வீடு தருவதில்லை.

மயிலாப்பூரிலும் அபிராமபுரத்திலும் நான் ஏறி இறங்காத படிகள் இல்லை. வாசலில் நின்று நான் ஒரு வசனம் பேசி முடிப்பதற்குள் எந்த ஊர் என்பது தெரிந்துவிடும். நீங்கள் பேசுகிற தமிழ் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பாராட்டுவார்கள். பாராட்டி முடித்துவிட்டு, வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்பார்கள். வேளச்சேரியில் ஒரு வீடு கிடைத்தது. முதல் மழையிலேயே தண்ணீர் கட்டில் வரைக்கும் வந்தது. சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு வெளியேறினோம்.

கடைசியில் சாந்தோம் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நிற்கும்போது பங்குச் சுவாமியிடம் அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். அருளப்பன் சார். ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். "வூடு கீதும்மா. மாடிப் போர்ஷன். கையெழுத்துதான, போட்டுட்டா போச்சு," என்றார். அன்றைக்கு மாலையே சாவியைக் கொடுத்தார். அவருடைய மனைவி டெய்சி அக்கா முதல் நாள் சமைக்க வேண்டாம் என்று மீன்குழம்பு அனுப்பினார். இவர்களைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை எழுத எனக்கு மனம் வராது. என்னுடைய சிக்கலே அதுதான்.

3

வீடு சாருடைய அப்பா கட்டியது. மாடி பிறகு சார் எழுப்பியது. மேஸ்திரி வைத்துச் சுவர் வைத்தார், மின்சார வேலை முழுவதும் தன் கையால் செய்தார். பள்ளியில் பிள்ளைகளுக்கு மின்சாரப் பாடம் எடுத்தவர் வெளியாளை ஏன் கூப்பிட வேண்டும்? எங்கள் வீட்டுக்கென்று தனி இணைப்புக் கிடையாது. கீழ்வீட்டு மீட்டரிலிருந்து ஒரு வயர் சுவரோடு ஏறி ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. அப்பா பெயரில் இருக்கிற மீட்டரைத் தன் பெயருக்கு மாற்றினால்தான் மேலே தனி இணைப்புக் கேட்கலாம். அதற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிற தம்பி கையெழுத்துப் போட வேண்டும். தம்பி போன் எடுப்பதில்லை. வெளிநாடு போன ஒருவருடைய கையெழுத்துக்காக அவர் கீழே காத்திருக்கிறார், அவருடைய கையெழுத்துக்காக வெளிநாட்டுக்காரி நான் மேலே காத்திருக்கிறேன். சில நாட்களில் இதை நினைத்தால் சிரிப்பு வரும்.

சாருடைய வேலை பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கும். வயரெல்லாம் நேர்கோட்டில் ஓடும். ஆனால் பிளக் என்ற ஒன்று அவருக்குப் பிடிக்காது. வயரின் இரண்டு முனைகளையும் சீவி, நேராகச் சாக்கெட் துளைகளில் விட்டு, கழன்று விழாமல் இருக்க இரண்டு தீக்குச்சிகளைச் சொருகிவிடுவார். எங்கள் வீட்டில் சாமி படத்துச் சின்ன விளக்கு, அனோஜாவின் மேசை விளக்கு எல்லாம் தீக்குச்சியில்தான் எரிகின்றன. ஒரு தடவை நான் பிளக் வாங்கி மாட்டினேன். வந்து பார்த்துவிட்டு, இதுக்குப் போய் யாராவது செலவு பண்ணுவாங்களா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

எர்த் வயரை அவர் குளியலறைக் குழாயில் கட்டியிருந்தார். அதை எனக்கு ஒரு நாள் பெருமையோடு காட்டினார். இரும்புக் குழாய் சுவருக்குள் இறங்கி நேராகப் பூமிக்குள் போகிறது, அதைவிட நல்ல எர்த் வேறு என்ன வேண்டும் என்றார். அவர் சொன்னது அப்போது சரியாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் வந்து நெடுநாள் வரை குழாய் கடிக்கவில்லை.

பிறகு உப்புக் காற்றில் கீழே இருந்த குழாய் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியது. பிளம்பர் வந்து தரைக்குள் போகிற பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் வைத்தார். ஒழுக்கு நின்றது. குழாய் கடிக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, சாருக்கும் தோன்றவில்லை. அவர் டெஸ்டரைக் கொண்டு வந்து குழாயில் வைத்தார். உள்ளே சிவப்பாக மினுங்கியது. இது ரிட்டர்ன் கரண்ட், பலம் இருக்காது என்றார். "ஒண்ணியும் ஆவாதும்மா. ரப்பர் செருப்பு போட்டுக்கினு குளிங்க."

அனோஜாதான் பிறகு சொன்னாள். பிளாஸ்டிக் வழியாக மின்சாரம் போகாதாம், பாடத்தில் இருக்கிறதாம். வீட்டில் எங்கே கசிந்தாலும் அது எர்த் வயர் வழியாகக் குழாய்க்கு வந்துவிடும். அங்கிருந்து பூமிக்குப் போக வழி இல்லாமல் நிற்கும். யார் தொட்டாலும் அவர்கள் வழியாகப் போகும். அவளே சாரிடம் போய் இதைக் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"சரியா பண்ணணும்னா பூரா பிரிக்கணும்மா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "செவுத்த ஒடைக்கணும், முத்தத்துல பள்ளம் தோண்டணும். வூட்ட காலி பண்ணாத்தான் முடியும்."

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காலி என்ற சொல் மட்டும்தான் கேட்டது.

4

ஊரில் எங்களை மின்சாரம் அடித்ததே இல்லை, ஏனென்றால் சண்டைக் காலத்தில் மின்சாரமே இல்லை. என் பள்ளிக் காலம் முழுவதும் போத்தல் விளக்குத்தான். உங்களில் என் வயதுக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மாலையில் அண்ணா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையால் சுற்றுவான். டைனமோவிலிருந்து வருகிற கொஞ்ச மின்சாரத்தில் ரேடியோ செய்தி வாசிக்கும். அவன் கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துபோகும். முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு, தேத்தண்ணி போட்டுத் தந்தால்தான் சுற்றுவேன் என்று பேரம் பேசுவான். அது நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். மண்ணெண்ணெய்ப் புகையில் என் கண் கெட்டதுதான் மிச்சம்.

பிறகு மின்சாரம் வந்தபோது வயரிங் செய்தவர்கள் எல்லா வீட்டிலும் ட்ரிப் சுவிட்ச் வைத்தார்கள். கொஞ்சம் கசிந்தாலும் அது தானாக விழுந்து வீடு முழுவதையும் இருட்டாக்கிவிடும். மழை பெய்தால் விழும், இடி இடித்தால் விழும், என்னைப் பெற்ற ஐயா ஈரக் கையால் மோட்டரைப் போட்டால் விழும். ஐயா அதைத் திட்டாத நாள் இல்லை. இந்தச் சனியனைக் கழற்றி எறியவேணும் என்பார். கடைசி வரை எறியவில்லை.

இங்கே சாரிடம் ஒரு தடவை அப்படி ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன். இந்த வீட்டில் அதை வைத்தால் ஒரு நிமிடம்கூட நிற்காது, விழுந்துகொண்டேதான் இருக்கும் என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மேலே வந்த பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு உறைத்தது.

5

இந்தத் தெருவில் மார்கழி பிறக்குமுன்னே நட்சத்திரப் போட்டி தொடங்கிவிடும். யார் வீட்டுக் குடில் பெரிது, யார் வீட்டு நட்சத்திரம் கடற்கரையிலிருந்து தெரிகிறது என்று பூசை முடிந்து நின்று பேசுவார்கள். சாருடைய நட்சத்திரம் ஆள் உயரம் இருக்கும். அதற்கு வயர் எங்கள் குளியலறைச் சாக்கெட்டிலிருந்துதான் போகிறது. தீக்குச்சி சொருகி, மேல் ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியைச் சுற்றிச் சீரியல் பல்புகளாகப் போய் மேலே நட்சத்திரத்தில் முடியும். ஒவ்வொரு ஆண்டும் அதே பல்புகள்தான். பரணில் கிடந்து வெடித்த வயருக்குக் கறுப்பு டேப் சுற்றியிருக்கும்.

போன வாரம் மழை. அனோஜா பள்ளியிலிருந்து வந்தாள். சப்பாத்து நனைந்துவிட்டது என்று கீழேயே கழற்றி ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறினாள். நான் மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பாதிப் படியில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சப்பாத்து விழுந்து படியில் உருண்டது. கைப்பிடியைப் பிடித்த கை மட்டும் விடவில்லை.

எனக்கு எப்படி விளங்கியது என்று தெரியாது. உள்ளே ஓடி நட்சத்திரத்து வயரின் சுவிட்சை அடித்து அணைத்தேன். திரும்பி வந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். குளியலறைக்குள் வெறுங்காலோடு ஓடியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மருத்துவர் நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். எப்படி நடந்தது என்று கேட்டார். கடையில் ஏதோ வயரைத் தொட்டுவிட்டாள் என்றேன். அனோஜா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் அன்று மாலையே கைப்பிடியிலிருந்து பல்புகளை அவிழ்த்தார், நட்சத்திரத்தையும் இறக்கினார். டெய்சி அக்கா ஆட்டோ பிடித்துப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்குப் போய், பாப்பா பெயரில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். வரும்போது கல்கலும் அச்சு முறுக்கும் கொண்டு வந்து, அனோஜாவின் கையைப் பிடித்து அழுதார். அந்த அழுகை பொய் இல்லை.

அவர் போன பிறகு அனோஜா என் போனை எடுத்து மின்வாரியத்துக்குப் புகார் அனுப்புகிற இடத்தைத் தேடிப் பிடித்தாள். ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதியிருந்தாள். தீக்குச்சிச் சாக்கெட், குழாயில் கட்டிய வயர், கைப்பிடி எல்லாவற்றையும் படம் எடுத்திருந்தாள். அனுப்புகிற நேரத்தில் போனைப் பறித்துவிட்டேன்.

"நீ இதை அனுப்பினா நாங்கள் தெருவிலதான் நிக்கவேணும், மகள்."

"அனுப்பலன்னா?"

நான் வாரியத்து ஆட்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் வந்தால் கீழ் மீட்டரிலிருந்து மேலே போகிற வயரைப் பார்ப்பார்கள், முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். சாருக்குத் தண்டம் விழும். மேலே குடியிருப்பது யார் என்று கேட்பார்கள். அடுத்த மாதம் பதிவு. இந்த நேரத்தில் கையெழுத்துப் போட எந்த வீட்டுக்காரர் வருவார்? அவளுடைய அப்பாவும் இதையேதான் சொல்லியிருந்தார். குழாயைப் பற்றி நான் முதலில் சொன்னபோது, "வீடு மட்டும் மாறிப்போடாதையப்பா. விலாசம் மாறினா ஃபைல் திரும்பவும் அடியில போயிடும்," என்றார். படியில் நடந்ததை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

அனோஜா எல்லாவற்றையும் கேட்டாள். "நீ சொல்றது எல்லாம் கரெக்ட்தாம்மா," என்றாள். என்னோடு முன்பெல்லாம் எங்கள் தமிழில்தான் கதைப்பாள். இப்போது கோபம் வந்தால் சென்னைத் தமிழுக்குப் போய்விடுகிறாள், அங்கே என்னால் போய் அவளைப் பிடிக்க முடிவதில்லை.

6

இரண்டு நாள் கழித்துச் சார் கண்ணாடியும் பேனாவுமாக மேலே வந்தார். வழக்கமாக நான்தான் கீழே போய்க் கேட்பேன், இந்த முறை அவரே வந்தார். தேநீர் கொடுத்தேன். அனோஜா தன் மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள், பக்கத்தைப் புரட்டவில்லை.

நான் காகிதத்தை நீட்டினேன். அவர் பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தினார்.

"கொழா இன்னும் கடிக்குதாம்மா? உண்மைய சொல்லு. ரொம்ப கடிக்குதுன்னா இந்த தபா நான் பிரிச்சு வேலைய பாத்துர்றேன். பாப்பாவ அப்டி பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பிரித்தால் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் எங்கே போவது? அந்தப் பேனா காகிதத்தில் இறங்கினால் போதும் என்று எனக்கு இருந்தது. அதற்கு முன் வேறு ஒரு வார்த்தையும் அங்கே விழக்கூடாது என்று இருந்தது.

"இல்லை சார்," என்றேன். "இப்ப ஒண்டும் இல்லை."

அனோஜா கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினாள். எங்களைக் கடந்து குளியலறைப் பக்கம் போனாள். கைகழுவுகிற சத்தம் கேட்டது. அதற்கு முன் செருப்பை மாட்டுகிற சத்தமும் கேட்டது. சாருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் தலையை நிமிர்த்தவில்லை. கையெழுத்தைப் போட்டு, தேதியை எழுதி, ஊதிக் காயவைத்து என்னிடம் தந்தார். அவருடைய முகத்தில் தெரிந்தது நிம்மதிதான் என்று நினைக்கிறேன். அவரிடமும் தோண்டுவதற்கு முற்றம் இருந்ததே தவிர செலவுக்கு வழி இருக்கவில்லை.

இன்று காலை நட்சத்திரத்தை மட்டும் ஏற்றினார். கைப்பிடியில் பல்பு சுற்றவில்லை. வயர் மட்டும் பழைய இடத்திலிருந்தே போகிறது. தீக்குச்சிகள் புதியவை.

7

மத்தியானம் அனோஜாவோடு தி.நகர் போனேன். பண்டிகைக்கு உடுப்பு எடுக்கத்தான் போனோம். ரங்கநாதன் தெருவில் கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு நடைபாதைக் கடைக்கு முன்னால் நிறுத்தியது. ரப்பர் செருப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அவளுடைய சிவப்புப் பட்டிச் செருப்பு காலுக்குச் சிறிதாகிவிட்டது, குதிகால் வெளியே நிற்கிறது என்று நான் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நனைந்த செருப்பு எவ்வளவு காக்கும் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் குதிகால் ஈரத் தரையில் படாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவளே குனிந்து தேடினாள். கடைக்காரர் அவள் காலைப் பார்த்து ஒரு சோடியை எடுத்துப் போட்டார். அளவு சரியாக இருந்தது. அவள் அதைத் திருப்பி வைத்துவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்றை எடுத்தாள். பாப்பா, அது லூசா இருக்கும், வழுக்கிடும் என்று அவர் சொன்னார்.

"இருக்கட்டும்ணா," என்றாள். "அடுத்த கிறிஸ்மஸுக்கும் இதுலதான் குளிக்கணும்."

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அதைப் போட்டு, கூட்டத்துக்கு நடுவே கொஞ்சம் நடந்து காட்டினாள். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது.